அமெரிக்க அரசு முடக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள்கள் அமெரிக்க மத்திய அரசின் பெரும்பகுதி நிதியின்றி முடங்கியது. அதற்கு முன் மிக நீண்டதாக இருந்தது 2018-19இன் 35 நாள் முடக்கம். இந்தப் பக்கத்தில் நடைமுறையைச் சொல்கிறோம், எங்கள் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். முடக்கம் என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தில் எழுதப்பட்ட ஒன்றல்ல. 1980இல் எழுதப்பட்ட ஒரு சட்டக் கருத்தின் விளைவு அது. நாடாளுமன்றம் மனம் வைத்தால் ஒரே சட்டத்தில் அதை ஒழித்துவிடலாம். இரண்டு கட்சிகளுமே மனம் வைக்கவில்லை.

முடக்கம் என்றால் மொத்த அரசும் நின்றுவிடுமா?

இல்லை. அமெரிக்க அரசின் செலவில் பெரும்பங்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவமான மெடிகேர், கடனுக்கான வட்டி ஆகியவை நிரந்தரச் சட்டங்களின்படி போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் ஒதுக்கீடு தேவைப்படுவது மொத்தச் செலவில் ஏறத்தாழ கால்பங்குக்குத்தான். ஆனால் அலுவலகங்கள், ஆய்வகங்கள், ராணுவச் சம்பளம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தேசியப் பூங்காக்கள், வருமான வரித்துறை எல்லாம் அந்தக் கால்பங்குக்குள் வருகின்றன. தபால் துறை தன் வருவாயிலேயே நடப்பதால் அதற்குப் பாதிப்பில்லை.

நிதி தீர்ந்ததும் ஒவ்வொரு துறையும் ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கும். உயிருக்கும் உடைமைக்கும் உடனடி ஆபத்து வராமல் காக்கும் வேலை என்றால், சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டும். மற்றவர்கள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் வீட்டில் இருக்க வேண்டும். இந்த விடுப்புக்கு அங்கே ஃபர்லோ என்று பெயர். விடுப்பில் இருப்பவர் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து ஒரு பதில் எழுதினாலும் சட்டமீறல்தான்.

இதற்கு எந்தச் சட்டம் காரணம்? எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

சட்டப்படி ஒதுக்கீடு செய்யாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. 19ஆம் நூற்றாண்டில், துறைகள் ஆண்டுப் பணத்தைச் சில மாதங்களிலேயே கரைத்துவிட்டு, “வேலை முடிந்துவிட்டது, பாக்கியைக் கொடுங்கள்” என்று நாடாளுமன்றத்தின் முன் நிற்கும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்க 1870இல் வந்தது ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம். 1884இல் அது இறுக்கப்பட்டது: பணம் இல்லாதபோது இலவசமாக வேலை செய்ய யாராவது முன்வந்தாலும் அரசு ஏற்கக் கூடாது. பின்னாளில் சம்பளப் பாக்கி கேட்டு வந்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு அரசு முடங்கவில்லை. 1976 முதல் 1979 வரை மட்டும் ஆறு முறை ஒதுக்கீடு தடைப்பட்டது. ஒரு முறை 17 நாள்கள் வரை இழுத்தது. புதிய செலவுகளைத் தள்ளிப்போட்டு, கதவைத் திறந்தே வைத்து வேலை பார்த்தார்கள். பிறகு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, நடந்ததைச் சரிசெய்துகொண்டது.

1980 ஏப்ரலில் இது மாறியது. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, நிதி இல்லாவிட்டால் துறை மூடப்பட்டே ஆக வேண்டும், திறந்து வைப்பது குற்றம் என்று எழுதினார். அடுத்த சில நாள்களிலேயே, மே 1 அன்று, மத்திய வர்த்தக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. அதுவே முதல் முடக்கம். 1981 ஜனவரியில் எழுதிய இரண்டாவது கருத்தில்தான் உயிர், உடைமைக் காப்பு என்ற விதிவிலக்கை அவர் விரித்துரைத்தார். 1990இல் நாடாளுமன்றம் அந்த விதிவிலக்கை மேலும் சுருக்கியது. வழக்கமான அரசுப் பணி என்பது மட்டும் போதாது, நிறுத்தினால் ஆபத்து உடனடியாக வரவேண்டும் என்றது.

மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. இதுவரை யாரும் இதற்காகச் சிறை சென்றதில்லை. இருந்தாலும் அந்த வாசகம் ஒவ்வொரு அதிகாரியின் கையையும் கட்டிப்போடுகிறது.

பட்ஜெட்டை ஏன் நேரத்துக்கு முடிக்க முடிவதில்லை?

நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. முன்பு ஜூலை 1ஆக இருந்தது. நேரம் போதவில்லை என்று 1974 பட்ஜெட் சட்டம் மூன்று மாதம் தள்ளி வைத்தது. பிப்ரவரி முதல் திங்களன்று அதிபர் தன் பட்ஜெட் யோசனையை அனுப்ப வேண்டும். செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்களும், தலா 12 துணைக்குழுக்கள் மூலம், 12 மசோதாக்களைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரு அவைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேறி, அதிபர் கையெழுத்துக்குச் செப்டம்பர் 30க்குள் போக வேண்டும்.

இந்த முறை வந்த பிறகு 12 மசோதாவும் (முன்பு 13) நேரத்துக்கு முடிந்தது நான்கே முறை: 1977, 1989, 1995, 1997 நிதியாண்டுகளில். மற்ற ஆண்டுகளில் எல்லாம், பழைய ஆண்டின் அளவிலேயே சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ செலவு செய்ய அனுமதிக்கும் இடைக்கால ஒதுக்கீட்டில்தான் வண்டி ஓடுகிறது. இது கேட்பதற்குத் தீங்கற்றதாக இருக்கும். நடைமுறையில் புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது, முடிந்துபோன திட்டத்தை நிறுத்தவும் முடியாது, நீண்ட ஒப்பந்தம் போட முடியாது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் சோம்பல் அல்ல. மொத்தத் தொகை எவ்வளவு என்பதிலேயே இரு கட்சிகளும் உடன்படாதபோது, 12 துணைக்குழுக்களுக்கும் எதைப் பங்கிட்டுக் கொடுப்பது?

2025இல் செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள். வெள்ளை மாளிகையும் பிரதிநிதிகள் சபையும் அவர்களிடமே. பிறகு ஏன் முடங்கியது?

ஃபிலிபஸ்டர்தான் காரணம். செனட்டில் விவாதத்துக்கு நேர வரம்பு கிடையாது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக, க்ளோச்சர் என்ற தீர்மானத்துக்கு 100இல் 60 வாக்குகள் வேண்டும். 1917இல் இந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975இல் ஐந்தில் மூன்றாகக் குறைந்தது. இப்போது யாரும் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 41 பேர் சம்மதிக்காவிட்டால் மசோதா அப்படியே நிற்கும்.

இது சாசனம் அல்ல, செனட்டின் சொந்த விதி. எளிய பெரும்பான்மையால் மாற்றலாம். நியமனங்களுக்கு ஜனநாயகக் கட்சி 2013இல் மாற்றியது, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குக் குடியரசுக் கட்சி 2017இல் மாற்றியது. 2025 அக்டோபர் இறுதியில் டிரம்ப், ஃபிலிபஸ்டரையே ஒழித்துவிடுங்கள் என்று தன் கட்சிக்குச் சொன்னார். செனட்டில் அக்கட்சியின் தலைவர் ஜான் தூன் இணங்கவில்லை. நாளை தாங்கள் சிறுபான்மையாகும்போது கையில் இருக்கும் ஒரே பிடி இதுதான் என்று அவர் கட்சியினர் பலருக்கும் தெரியும். 2022 ஜனவரியில் இதே விதியைத் தளர்த்த ஜனநாயகக் கட்சி முயன்றபோது, அதன் சொந்த செனட்டர்கள் இருவரே தடுத்தார்கள்.

2025 ஜூலை மாதப் பெரிய வரிச் சட்டத்தை 60 வாக்கு இல்லாமல்தானே நிறைவேற்றினார்கள்?

ஆம். ரீகன்சிலியேஷன் என்ற சிறப்பு வழியில், செனட்டில் 51-50 என்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கோடு அது நிறைவேறியது. அந்த வழியில் விவாதம் 20 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதால் ஃபிலிபஸ்டர் செல்லாது. ஆனால் அது வரி, நிரந்தரச் செலவுத் திட்டங்கள், கடன் வரம்பு ஆகியவற்றுக்கான வழி. ஆண்டு ஒதுக்கீடுகள் அதில் வருவதில்லை. வரவு செலவோடு நேரடித் தொடர்பில்லாத எதையும் பேர்ட் என்ற செனட் விதி வெட்டி எறியும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விளைவு உண்டு. அந்தச் சட்டம் குடியேற்ற அமலாக்கத் துறைக்குப் பல ஆண்டுகளுக்காக ஏறத்தாழ 7,500 கோடி டாலர் கொடுத்திருந்தது. அதனால் மற்ற துறைகள் முடங்கியபோதும் கைது நடவடிக்கைகளும் நாடுகடத்தலும் தொடர்ந்தன. ஆண்டுக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு துறையை இப்படி வெளியே எடுத்துவிட்டால், பணப்பையைப் பிடித்திருக்கும் நாடாளுமன்றத்தின் அதிகாரம் அந்தத் துறையிடம் செல்லாது. அடுத்த பெரும்பான்மை வேறு துறைக்கு இதையே செய்யும்.

2025 முடக்கத்துக்கு யார் காரணம்?

இரு கட்சிக்காரர்களும் ஒற்றைச் சொல்லில் பதில் வைத்திருக்கிறார்கள். உண்மை அப்படி ஒரு சொல்லில் அடங்காது.

நவம்பர் 21 வரையிலான இடைக்கால ஒதுக்கீட்டைப் பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19 அன்று 217-212 என நிறைவேற்றியது. செனட்டில் ஜனநாயகக் கட்சி அதைத் தடுத்தது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி வாங்குபவர்களுக்கு 2021இல் கூட்டித்தரப்பட்ட மானியம் 2025 முடிவில் காலாவதியாக இருந்தது. அதை நீட்டிக்கச் சொன்னார்கள். மானியம் போனால் பயனாளிகள் கட்டும் பிரீமியம் சராசரியாக ஆண்டுக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலராக உயரும் என்று கே.எஃப்.எஃப் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருந்தது. ஏறத்தாழ 2.2 கோடிப் பேருக்கு அந்த மானியம் கிடைத்துவந்தது. நிரந்தரமாக நீட்டித்தால் பத்து ஆண்டுகளில் 35,000 கோடி டாலர் செலவாகும் என்றது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். குடியரசுக் கட்சி சொன்ன பதில்: முதலில் அரசைத் திறவுங்கள், மானியத்தைப் பிறகு பேசலாம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வசனங்கள் இடம் மாறி ஒலித்தன. 2013 அக்டோபரில் ஒபாமா காப்பீட்டுத் திட்டத்தின் நிதியை நிறுத்தச் சொல்லிக் குடியரசுக் கட்சி அரசை 16 நாள்கள் முடக்கியது. முதலில் திறவுங்கள் என்று அன்று சொன்னது ஜனநாயகக் கட்சி. 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் முடக்கினார். கடைசியில் நாடாளுமன்றம் கொடுத்தது 137.5 கோடி.

நாங்கள் பார்க்கும் விதம் இது. மானியத்தைக் காக்க நினைத்தது நியாயமான நோக்கம். அதற்காக லட்சக்கணக்கானோரின் சம்பளத்தைப் பணயம் வைத்தது தவறு. ஜனநாயகக் கட்சி 2013இல் தானே கண்டித்த வழி அது. ஆனால் முடக்கம் தொடங்கியபின் ஆளும் தரப்பு செய்தவை அதைவிட ஆழமான சேதம். பிரதிநிதிகள் சபையை அவைத் தலைவர் மைக் ஜான்சன் செப்டம்பர் 19 முதல் நவம்பர் 12 வரை கூட்டவே இல்லை. அதனால் அரிசோனாவில் இடைத்தேர்தலில் வென்ற உறுப்பினர் ஏழு வாரம் பதவியேற்க முடியாமல் காத்திருந்தார். நியூயார்க்கின் இரண்டு பெரும் போக்குவரத்துத் திட்டங்களுக்கான ஏறத்தாழ 1,800 கோடி டாலரை வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத் தலைவர் ரஸ்ஸல் வோட் நிறுத்தி வைத்தார். அக்டோபர் 10 அன்று 4,000 பேருக்கு மேல் ஆட்குறைப்பு நோட்டீஸ் போனது. கல்வித் துறை ஊழியர்களின் தானியங்கி மின்னஞ்சல் பதிலில், அவர்களைக் கேட்காமலே ஜனநாயகக் கட்சியைக் குற்றம்சாட்டும் வாசகம் சேர்க்கப்பட்டது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அரசு எந்திரத்தை ஒரு கட்சியின் ஒலிபெருக்கியாக்குவது, எந்தக் கட்சி செய்தாலும், மன்னிக்கக் கூடியதல்ல.

எப்படி முடிந்தது? கேட்டது கிடைத்ததா?

செனட்டில் 14 முறை தோற்ற பிறகு, நவம்பர் 9 ஞாயிறு இரவு 60-40 என க்ளோச்சர் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். நவம்பர் 12 அன்று பிரதிநிதிகள் சபை 222-209 என ஏற்றது, அன்றிரவே டிரம்ப் கையெழுத்திட்டார். விவசாயம், ராணுவக் கட்டுமானமும் முன்னாள் படைவீரர் நலனும், நாடாளுமன்றச் செலவு ஆகிய மூன்று மசோதாக்கள் முழு ஆண்டுக்கும், மற்றவை 2026 ஜனவரி 30 வரையும் ஒதுக்கீடு பெற்றன. முடக்கக் காலத்து ஆட்குறைப்பு ரத்தானது. மானியம் கிடைக்கவில்லை. டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தும் வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அந்த வாக்கெடுப்பு 60ஐத் தொடாமல் தோற்றது. 1995, 2013, 2018, 2025 நான்கிலும் முடக்கத்தை ஆயுதமாக எடுத்த தரப்பு கேட்டதைப் பெறவில்லை.

ஊழியர்களுக்கு விட்ட சம்பளம் கிடைக்குமா?

மத்திய அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கும். 2019 ஜனவரியில் வந்த சட்டம் அதை உறுதிசெய்கிறது. 2025இல் அந்தச் சட்டம் தானாகச் செல்லாது என்று வெள்ளை மாளிகை வாதம் கிளப்பியது. முடக்கத்தை முடித்த சட்டத்தில் நாடாளுமன்றம் சம்பளத்தை மறுபடியும் எழுதி உறுதி செய்தது.

ஆனால் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்கள், காவலாளிகள், உணவகப் பணியாளர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். 43 நாள் கூலி அவர்களுக்குப் போனது போனதுதான். மிகக் குறைந்த சம்பளக்காரர்கள் இவர்கள். இதைச் சரிசெய்யும் மசோதாக்கள் ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் வருகின்றன, நிறைவேறுவதில்லை. இதைவிட வெட்கக்கேடான ஓட்டை இந்த ஏற்பாட்டில் வேறொன்று இல்லை.

உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்குமா?

நிற்காது. அவர்கள் சம்பளம் நிரந்தரச் சட்டத்தில் இருக்கிறது, ஆண்டுக்கு 1,74,000 டாலர். நடப்பு அவையின் ஊதியத்தை மாற்றும் சட்டம் அடுத்த தேர்தலுக்குப் பின்தான் செல்லும் என்கிறது 27ஆம் திருத்தம். சிலர் தாமாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உணவு உதவி ஏன் நின்றது? அது நிரந்தரத் திட்டம் இல்லையா?

ஸ்நாப் உதவிக்கான உரிமை நிரந்தரச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பணம் ஆண்டு ஒதுக்கீட்டில் வருகிறது. ஏறத்தாழ 4.2 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர், அந்த அட்டையில் மளிகை வாங்குகிறார்கள். மாதச் செலவு 800 கோடி டாலருக்கு மேல். அவசர நிதியாக இருந்தது 500 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதையும் தொடமாட்டோம் என்று வேளாண் துறை அக்டோபர் இறுதியில் சொன்னது. ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் இரண்டு நீதிபதிகள் தலையிட்டார்கள். பாதித் தொகை தருகிறோம் என்றது வேளாண் துறை, பிறகு 65 சதவீதம் என்றது. முழுத் தொகை தரச் சொன்ன உத்தரவு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தற்காலிகமாக நின்றது. சில மாநிலங்களில் முழுப் பணமும் அட்டையில் ஏறியது, வேறு மாநிலங்களில் ஒன்றும் ஏறவில்லை. உணவை வழக்குப் பொருளாக்கிய அந்த இரண்டு வாரங்களுக்கு நியாயமே கிடையாது. முந்தைய முடக்கங்கள் எதிலும் இப்படி நடந்ததில்லை.

விமானங்கள் ஏன் குறைந்தன?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமின்றி வர வேண்டியவர்கள். அந்தப் பணியில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. அக்டோபர் 28 அன்று ஒரு முழுச் சம்பளம் போனதும் விடுப்பு எடுப்பவர்கள் பெருகினார்கள். நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் 4 சதவீத விமானங்களைக் குறைக்க உத்தரவு வந்தது, பின்னர் 6 சதவீதமானது. 2019இலும் முடக்கம் முடிந்த அதே நாளில்தான், ஆளில்லாமல் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வாக்காளர் விமான நிலையத்தில் காத்திருக்கத் தொடங்கினால் செனட்டர்கள் வேகமாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

எச்-1பி, கிரீன் கார்டு வேலைகள் பாதிக்கப்படுமா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மூன்று அலுவலகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியேற்றச் சேவைத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் திறந்திருக்கும். சென்னை உள்ளிட்ட துணைத் தூதரகங்களின் விசா வேலையும் பெரும்பாலும் கட்டணத்தில்தான் நடக்கிறது. சிக்கல் தொழிலாளர் துறையில். எச்-1பி மனுவோடு இணைக்க வேண்டிய தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பத்துக்கு (எல்.சி.ஏ) அந்தத் துறைதான் சான்று தர வேண்டும். வழக்கமாக ஏழு வேலை நாளில் கிடைக்கும். 2025இல் அதன் இணையதளம் அக்டோபர் 1 முதல் மாத இறுதிவரை மூடிக்கிடந்தது. கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் விண்ணப்பமும் நடப்புச் சம்பள நிர்ணயமும் அங்கேதான் நின்றன.

எல்.சி.ஏ இல்லாமல் வேலை மாற முடியாது, நீட்டிப்பும் கேட்க முடியாது. எனவே எச்-1பி காலம் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே முடிகிறதென்றால் செப்டம்பர் நடுவுக்குள் எல்.சி.ஏ சான்றைக் கையில் வாங்கிவிடச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மனுவைப் பிறகு அனுப்பலாம். காலம் முடியும் முன் நீட்டிப்பு மனு போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை, அதிகபட்சம் 240 நாள், அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம். முடக்கத்தால் மனு தாமதமானால் அதை அசாதாரணச் சூழலாகக் கருதி மன்னிக்க வழியுண்டு. ஆனால் அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமையாக எண்ணி இருந்துவிடாதீர்கள்.

முடக்கினால் அரசுக்குப் பணம் மிச்சமா?

இல்லை, நட்டம். வேலை நடக்காத நாளுக்கும் பிறகு சம்பளம் கொடுக்கிறார்கள். 2018-19 முடக்கம் பொருளாதாரத்திலிருந்து 1,100 கோடி டாலர் எடுத்தது, அதில் 300 கோடி திரும்பவே இல்லை என்றது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். 2025இல் ஆறு வார முடக்கத்தின் நிரந்தர இழப்பு 1,100 கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டது.

ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

இன்றைய மோதலின் வேர் இதுதான். நிக்ஸன் பல நூறு கோடிகளை இப்படி நிறுத்தி வைத்ததால் 1974இல் சட்டம் வந்தது. பணம் வேண்டாம் என்று அதிபர் நினைத்தால் நாடாளுமன்றத்துக்குச் சிறப்புச் செய்தி அனுப்ப வேண்டும். 45 அமர்வு நாள்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் இரு அவைகளும் ரத்து செய்யாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். அப்படி ரத்து செய்ய செனட்டில் எளிய பெரும்பான்மை போதும்.

2025 ஜூலையில் இந்த வழியில் ஏறத்தாழ 900 கோடி டாலர், அதாவது வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்புக்கான 110 கோடியும், 51-48 என்ற வாக்கில் ரத்தானது. அது சட்டப்படியான வழி. ஆகஸ்ட் இறுதியில் நடந்தது வேறு. 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யும் கோரிக்கையை, நிதியாண்டு முடிய 45 நாள்கூட இல்லாதபோது அனுப்பினார்கள். செப்டம்பர் 30 வந்தால் பணம் தானே காலாவதியாகும், நாடாளுமன்றம் வாக்களிக்காமலே அதிபர் நினைத்தது நடந்துவிடும். இது சட்டவிரோதம் என்றது அரசுக் கணக்காய்வு அலுவலகம். இருந்தும் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 26 அன்று, வழக்கு நடக்கும் வரை என்று சொல்லி, 400 கோடியை நிறுத்தி வைக்க அனுமதித்தது. நான்கு நாளில் நிதியாண்டே முடிந்துவிட்டது.

ஒப்பந்தத்துக்கு 60 பேர் வேண்டும், அதை உடைக்க 51 பேர் போதும், சில சமயம் யாருமே வேண்டாம் என்றால், சிறுபான்மைக் கட்சி எந்த நம்பிக்கையில் கையெழுத்திடும்? ஜனநாயகக் கட்சியின் பிடிவாதத்துக்குப் பின்னால் மானியத்தைவிட இந்தக் கேள்வி பெரிதாக நின்றது. அதை அவர்கள் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

கடன் உச்சவரம்பும் இதுவும் ஒன்றா?

வேறு. முடக்கத்தில் செலவிட அனுமதி இருக்காது. கடன் வரம்பைத் தொட்டால், அனுமதித்த செலவுக்கே பணம் திரட்ட முடியாது. வட்டி கட்டத் தவறும் ஆபத்து அங்கேதான். 2025 ஜூலைச் சட்டம் வரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்திவிட்டதால் இந்த முறை அது குறுக்கே வரவில்லை.

இந்தியாவில் ஏன் இப்படி நடப்பதில்லை?

மக்களவையில் பண மசோதா தோற்றால் அரசே கவிழும். அதனால் பெரும்பான்மை உள்ள அரசின் பட்ஜெட் விழாது. பட்ஜெட் தாமதமானால் 116ஆம் பிரிவின்படி சில மாதங்களுக்கு முன்கூட்டியே செலவு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதிபருக்கு நான்கு ஆண்டு பதவி உறுதி, அவையைக் கலைக்கவும் முடியாது. இரண்டு தரப்பும் இணங்காமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

முடக்கத்தை ஒழிக்க என்ன வழி?

கெடு தாண்டினால் பழைய அளவிலேயே ஒதுக்கீடு தானாகத் தொடரும் என்று ஒரு சட்டம் போதும். விஸ்கான்சின் மாநிலத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே பட்ஜெட் தாமதமாகும், அலுவலகம் மூடப்படாது. மத்திய அளவில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்ஃபர்டும் ஜனநாயகக் கட்சியின் மேகி ஹசனும் சேர்ந்து கொண்டுவந்த மசோதாவில் ஒதுக்கீடு 14 நாள், 14 நாளாகத் தானே நீளும். அதுவரை உறுப்பினர்கள் வாஷிங்டனை விட்டு அரசுப் பணத்தில் பயணம் போகக் கூடாது, வேறு வேலைகளை எடுக்கக் கூடாது.

எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாது. தானாகவே பணம் வருமென்றால், செலவு உயரக் கூடாது என்று நினைப்பவர்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்தே வென்றுவிடுவார்கள், விலைவாசி ஏற ஏற ஒதுக்கீடு கரையும். அந்த ஆபத்து உண்மை. ஆனால் இன்றும் பெரும்பாலான ஆண்டுகளில் பல மாதங்கள் பழைய அளவில்தான் ஓடுகின்றன. கரைவது எப்படியும் நடக்கிறது. அதோடு துப்புரவுப் பணியாளரின் கூலியையும் சேர்த்து ஏன் இழக்க வேண்டும்? இந்த மசோதா வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று கேட்பதில் கட்சி பார்க்கத் தேவையில்லை.

அடுத்த கெடு நெருங்கும்போது எதைப் பார்த்தால் முடக்கம் வருமா என்று தெரியும்?

தலைவர்களின் பேட்டிகளைவிட செனட்டின் நாள்காட்டி நம்பகமானது. க்ளோச்சர் தீர்மானம் திங்களன்று தாக்கலானால் வாக்கெடுப்பு புதனன்றுதான். நிறைவேறினாலும் அதன்பின் 30 மணி நேர விவாதம் உண்டு. மசோதாவை எடுத்துக்கொள்ள ஒரு முறை, நிறைவேற்ற ஒரு முறை என இதைத் திரும்பச் செய்ய வேண்டி வரலாம். நூறு பேரும் ஒத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முடியும், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏறத்தாழ ஒரு வாரம். எனவே கெடுவுக்கு ஏழு நாள் முன்புவரை தாக்கல் நடக்கவில்லையென்றால், எல்லோரின் சம்மதத்தையும் நம்பித்தான் இருக்கிறார்கள் என்று பொருள். பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை அனுப்பிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டதா என்றும் பாருங்கள். செனட் ஒரு சொல்லை மாற்றினாலும் அவர்கள் திரும்பி வந்து வாக்களிக்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் இரு கட்சித் தலைவர்களும் உடன்பட்டிருந்தார்கள், வாக்குகளும் இருந்தன. ராண்ட் பால் என்ற ஒரே செனட்டர் வாக்கெடுப்பை முன்கூட்டி நடத்தச் சம்மதிக்கவில்லை. 9ஆம் தேதி நள்ளிரவில் நிதி அறுந்து, விடிந்த பிறகுதான் கையெழுத்தானது.